ஆறு மாதம் வகுப்பில் ஓட்டிய ஆக்டிவிட்டி பெட்டி: எது தேறியது, எது தேறவில்லை

ராமநாதபுரம் மாவட்டத்தில் மண்டபத்துக்கும் உச்சிப்புளிக்கும் நடுவில், ஜன்னலைத் திறந்தால் உப்புக் காற்று முகத்தில் அடிக்கிற ஒரு சின்ன நர்சரி பள்ளியில் எல்.கே.ஜி. எடுக்கிறேன். 23 பிள்ளைகள், ஒரு ஆயாம்மா, நான். போன ஜூனில் பள்ளி திறந்ததும் தாளாளரை நச்சரித்து 3,800 ரூபாய்க்கு ஆன்லைனில் ஒரு ஆக்டிவிட்டி பெட்டி வாங்கினோம். 61 நாள் மீன்பிடித் தடைக்காலம் ஜூன் 14-ல் முடிந்து படகுகள் அப்போதுதான் இறங்கியிருந்தன, அந்த நேரத்தில் பெற்றோரிடம் ஒரு ரூபாய் கூடுதலாகக் கேட்க முடியாது, அதனால் தாளாளர் கைக்காசுதான். "3 முதல் 6 வயது வரை, 40 செயல்பாடுகள், வீட்டுக்கும் வகுப்பறைக்கும்" என்று போட்டிருந்தது. இப்போது அரையாண்டு விடுமுறை, உட்கார்ந்து எழுத நேரம் இருக்கிறது. கம்பெனி பெயரைப் போடவில்லை. தேடிப் பார்த்தால் இதே கட்டை, இதே மீன், இதே அட்டை நாலு வேறு பெயரில் விற்கிறது, எதை வாங்கினாலும் கிட்டத்தட்ட இந்தக் கதைதான்.

பெட்டி வந்த விதத்தைச் சொல்லிவிடுகிறேன். கூரியர் ராமநாதபுரத்தோடு நின்றுவிட்டது, "அந்தப் பக்கம் வண்டி வராது மேடம்" என்றார்கள், நானே பஸ்ஸில் போய் மடியில் வைத்துத் தூக்கி வந்தேன். பிரித்தால் உருளைக் கட்டையில் பத்துக் குழி, ஒன்பது உருளை. கஸ்டமர் கேருக்குப் போன் பண்ணினால் பெட்டியைப் பிரிக்கும்போது எடுத்த வீடியோ கேட்டார்கள். 23 பேர் சுற்றி நின்று "மிஸ் எனக்கு, மிஸ் எனக்கு" என்று இழுக்கும்போது வீடியோ எடுக்க எனக்கு ஏது மூன்றாவது கை? அந்தப் பத்தாவது உருளை கடைசி வரை வரவில்லை.

இத்தனைக்கும் பெட்டியிலேயே உருப்படியான சாமான் அதுதான். தெரியாதவர்களுக்காக: நீளமான மரக்கட்டையில் வரிசையாகக் குழிகள், ஒவ்வொன்றுக்கும் ஒரு உருளை, தலையில் சின்னக் குமிழ். எல்லாவற்றையும் வெளியே எடுத்து, கலைத்து, திரும்பப் பொருத்த வேண்டும். இத்தாலிக் கல்வியாளர் மரியா மாண்டிசோரி வகுத்த பொருள். அவர் முறையில் இப்படி நாலு கட்டை உண்டு, ஒவ்வொன்றிலும் பத்து உருளை, ஒன்றில் தடிமன் மட்டும் மாறும், இன்னொன்றில் உயரம் மட்டும். நம் பெட்டியில் தடிமன் மாறுகிற ஒன்றே ஒன்று. பிள்ளை தப்பாகப் போட்டால் மிஸ் சொல்லத் தேவையில்லை, கடைசியில் ஒரு உருளை நுழையாமல் நிற்கும், அல்லது ஒன்று குழியில் லொடலொட என்று ஆடும். அதை அதுவே பார்த்துப் பிடுங்கித் திருத்திக்கொள்ளும். இன்னொன்று, அந்தக் குமிழைக் கட்டை விரலும் அடுத்த இரண்டு விரலும் சேர்த்துத்தான் பிடிக்க முடியும். பென்சில் பிடிக்கிற பிடி அது. ஜூனில் பென்சிலைக் கம்பு மாதிரி முஷ்டியில் பிடித்த ஏழெட்டுப் பேர் தீபாவளிக்குள் தானாக மாறிவிட்டார்கள், இதற்கென்று தனியாக நான் ஒன்றும் செய்யவில்லை.

ஆனால் ஒரு உருளை குறைந்தால் இந்தச் சமாச்சாரமே கெட்டுவிடுகிறது. எப்படிப் போட்டாலும் ஒரு குழி மிச்சம் இருக்கும், சரியா தப்பா என்று பிள்ளைக்கே தெரியாது. அப்புறம் எங்கள் தெருவில் வல்லம் (நாட்டுப் படகு) கட்டுகிற ஆசாரி ஒருவரிடம் கட்டையைக் கொண்டுபோய்க் காட்டினேன். குழிக்குள் விரலை விட்டுப் பார்த்தார், மிச்சத் துண்டு மரத்தில் ஒன்று செதுக்கிக் கொடுத்தார், காசு வாங்கவில்லை. "மழைக்கு மரம் ஊதும்மா, நான் ஒரு நூல் லூசா விட்டிருக்கேன், கம்பெனிக்காரன் அதை யோசிச்சிருக்க மாட்டான்" என்றார். அக்டோபரில் வாடை திரும்பி மழை பிடித்தது, கம்பெனி உருளைகளில் மூன்று குழிக்குள்ளேயே இறுகி நின்றுவிட்டன. ஆயாம்மா கட்டையைக் கவிழ்த்துத் தட்டித் தட்டிப் பார்த்தும் வரவில்லை. ஆசாரி செதுக்கியது மட்டும் நிறம் கறுத்து, சொகுசாக உள்ளே போய் வந்தது. நல்ல வெயில் அடித்த ஒரு நாள் காயவைத்து, வெளியே வந்ததும் உப்புத்தாளால் ஓரத்தைத் தேய்த்துவிட்டேன். இப்போது மழை நாளில் உருளைகளை அரிசி டின்னுக்குள் போட்டு மூடி வைக்கிறோம்.

உப்புத்தாள் என்றதும் அடுத்த குறை ஞாபகம் வருகிறது. பெட்டியில் தொட்டுத் தடவிப் பார்க்கிற சொரசொர எழுத்து அட்டைகள் இருந்தன, 26 இங்கிலீஷ் எழுத்து. தமிழ் ஒன்றுகூட இல்லை. இந்த எழுத்து அட்டையும் மாண்டிசோரியுடையதுதான், அந்த அம்மா 1939-ல் நம் அடையாறுக்கே வந்து ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுத்தவர், போர் காரணமாக 1946 வரை இந்தியாவிலேயே இருந்தவர். அவர் முறையை வைத்து இந்தியாவில் பெட்டி விற்கிறவர்களுக்கு ஒரு 'அ' போட மனசு வரவில்லை. சரி, நாமே செய்வோம் என்று ஹார்டுவேர் கடையில் 150 நம்பர் உப்புத்தாள் வாங்கி, பின்பக்கம் எழுத்து வரைந்து, பழைய கத்தரிக்கோலால் வெட்டி (புதுசு என்றால் முனை மழுங்கிவிடும்), அட்டையில் ஃபெவிகால் வைத்து ஒட்டினேன். ராத்திரி பதினொரு மணிக்குத் திருப்பிப் பார்த்தால் எல்லா எழுத்தும் கண்ணாடியில் பார்க்கிற மாதிரி இடம் வலமாக நிற்கிறது. பின்பக்கம் வரையும்போது திருப்பி வரைய வேண்டும் என்பது மண்டையில் ஏறவில்லை. 'ப' மட்டும் தப்பித்தது. மறுநாள் இன்னும் ரெண்டு தாள் வாங்கி முதலிலிருந்து. செய்கிறவர்கள் இதைக் கவனிக்கவும். பிள்ளைகள் ஆள்காட்டி விரலும் நடுவிரலும் சேர்த்து, எழுதுகிற திசையிலேயே தடவ வேண்டும், அடியிலிருந்து மேலே போனால் கையைப் பிடித்துத் திரும்ப ஆரம்பிக்க வைக்க வேண்டும், அவ்வளவுதான் இதில் வித்தை.

மற்றவை வேகமாக. சீசன் அட்டைகளில் குல்லா போட்ட பனிமனிதன், இலையுதிர் காலம் என்று சிவப்பு மரம். என் வகுப்பில் இருக்கிறவர்களுக்குக் கச்சான் (தென்மேற்குக் காற்று) தெரியும், வாடை (வடகிழக்குக் காற்று) தெரியும். "கச்சான் கூடுதலா அடிச்சா எங்க வாப்பா கடலுக்குப் போகமாட்டாக மிஸ்" என்று நாலு வயதுப் பெண் சொல்கிறாள், அவளிடம் பனிமனிதனை வைத்து என்ன பாடம் நடத்துவது? அட்டைகளைத் திருப்பிப் போட்டு ஜன்னல் கம்பியில் ஒரு ரிப்பன் கட்டினோம், தினமும் காலையில் ஒரு ஆள் அது எந்தப் பக்கம் பறக்கிறது என்று பார்த்துச் சொல்ல வேண்டும். வெல்க்ரோ வைத்து ஒட்டுகிற துணிப் புத்தகம் ஒரு மாதம்கூட வரவில்லை, அந்த முள்ளில் மணல் புகுந்தால் அப்புறம் எதுவும் ஒட்டாது, எங்கள் ஊரில் மணல் புகாத இடம் எது? லேமினேஷன் அட்டைகள் ஓரம் பிரிந்து ஈரம் ஏறிவிட்டன. அப்புறம் விளையாட்டு மணல் அரை கிலோ. எங்கள் பக்கத்தில் மணலைக் காசு கொடுத்து வாங்கிய முதல் ஆள் நானாகத்தான் இருப்பேன். மூன்றே நாளில் வாசல் மணலும் அதுவும் ஒன்றாகிவிட்டன.

காந்தத் தூண்டில் விளையாட்டைப் பற்றிக் கொஞ்சம் விலாவாரியாகச் சொல்ல வேண்டும். மர மீன் பத்து, ஒவ்வொன்றின் வாயிலும் காந்தம், குச்சி நுனியில் ஒரு காந்தம். முதல் நாள் ஒரு பையன் மீனைக் கையில் எடுத்துக் கேட்டான்: "மிஸ், இது என்ன மீனு?" மஞ்சள் உடம்பு, நீலக் கோடு. "மீன்தான்டா" என்றேன். அவனுக்கு அது பதிலாகவே படவில்லை. "மீனு சரி, என்ன மீனு? சூடையா, காரலா, நகரையா, பாறையா?" பக்கத்தில் இருந்தவன் "அது வெளமீனு" என்றான், இன்னொருத்தி "போடா, கிளிமீனு" என்று சண்டைக்குப் போய்விட்டாள். அன்றைக்கு நான் திட்டமிட்டிருந்தது நிறம் பிரிப்பது. நடந்தது என்னவோ வேறு: நிறம், வால், செதில், எது வலையில் வரும், எது தூண்டிலில் வரும் என்று அரை மணி நேரம் அவர்களே பேசினார்கள், கையேட்டில் அந்தப் பக்கத்துக்குப் போட்டிருந்த நேரம் பத்து நிமிடம். கடைசியில் ஒருத்தன், "இரையே வைக்கலையே மிஸ், அப்புறம் எப்படிக் கடிக்கும்?" நியாயமான கேள்வி.

அந்த விளையாட்டை இப்போது பீரோவில் பூட்டி வைத்திருக்கிறேன். ஆகஸ்டில் காந்தங்கள் துருப்பிடித்தன, ஒரு நாள் கூட்டும்போது தரையில் ஒரு காந்தம் தனியாகக் கிடந்தது, எந்த மீனிலிருந்து விழுந்தது என்று பார்த்தால் ரெண்டு மீனில் இல்லை. இன்னொன்றைத் தேடிக் கண்டுபிடிக்கும் வரை எனக்கு உயிரே இல்லை (ஷெல்ஃபின் இரும்புக் காலில் ஒட்டிக்கொண்டிருந்தது). ஒரு காந்தத்தை விழுங்கினாலே ஆஸ்பத்திரி. ரெண்டை விழுங்கினால் குடலின் ரெண்டு மடிப்புக்கு அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் இருந்து ஒன்றையொன்று இழுத்து, நடுவில் சிக்கிய குடலை ஓட்டையாக்கிவிடும். பெட்டியில் ஐ.எஸ்.ஐ. முத்திரை இருந்தது. 2021 ஜனவரி 1 முதல் 14 வயதுக்குட்பட்ட பிள்ளைகளின் விளையாட்டுப் பொருளுக்கு அது கட்டாயம், முத்திரை இல்லாததை வாங்கவே வேண்டாம். ஆனால் முத்திரை இருக்கிறது என்று வாரம் ஒரு தடவை காந்தத்தை இழுத்துப் பார்க்காமல் விட்டுவிடாதீர்கள்.

இதோடு சேர்த்து நம் பக்கத்து டீச்சர்களுக்கு ஒன்று. நூல் கோர்க்கிற பலகையை (ஆறே துளை, ஒரு நிமிடத்தில் முடித்துவிடுகிறார்கள்) ஓரம் கட்டிவிட்டுப் பழைய வலைத் துண்டை ஒரு சட்டத்தில் கட்டி, ஷூ லேஸைக் கொடுத்தேன், அமோகமாக ஓடுகிறது, வீட்டில் வலைக் கிழிசலைப் பொத்துகிறதைப் பார்த்த பிள்ளைகள் எனக்கே முடிச்சு சொல்லிக் கொடுக்கிறார்கள். ஆனால் வலையைக் கேட்டால் வீட்டிலிருந்து, அதைத் தண்ணீரில் அமிழ்த்துகிற குண்டோடு வரும். அது ஈயம். சட்டைப் பையில் போட்டுக்கொள்வார்கள், வாயில் வைப்பார்கள். ஈயம் பிள்ளைகளின் மூளைக்கு விஷம், கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே போனாலும் கெடுதல். குண்டையெல்லாம் வெட்டி எடுத்து, சோப்புப் போட்டுத் துவைத்த பிறகுதான் வகுப்புக்குள் விட வேண்டும். மிதவை பரவாயில்லை, எண்ணுவதற்கும் வரிசைப்படுத்துவதற்கும் நன்றாக இருக்கிறது. கிளிஞ்சல், சோழி என்றால் ஒரு கொதி விட்டுக் காயவைத்துவிடுங்கள், இல்லாவிட்டால் நாற்றம் தாங்காது. பவளத் துண்டு மட்டும் யாராவது கொண்டுவந்தால் வாங்காதீர்கள், வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி அதை வைத்திருக்கக் கூடாது.

கையேடு முழுக்க இங்கிலீஷ், முழுக்க ஒரு பிள்ளை, ஒரு அம்மா, ஒரு மேஜை என்கிற கணக்கு. வகுப்பறைக்கும் என்று போட்டது வெறும் விளம்பரம். ஒரு கட்டை, 23 பேர், முதல் வாரம் கடியும் கிள்ளலுமாகப் போனது. பிறகு ஐந்து ஐந்து பேராகப் பிரித்து, ஒரு மூலையில் கட்டை, ஒரு மூலையில் வலை, ஒரு மூலையில் எழுத்து, ஒரு மூலையில் சோழி, வாசலில் ஆயாம்மாவோடு டம்ளரில் தண்ணீர் ஊற்றி அளப்பது என்று வைத்துக்கொண்டோம். பதினைந்து நிமிடத்துக்கு ஒரு மணி அடிப்பேன், இடம் மாறுவார்கள். தண்ணீர் மூலையிலிருந்து மட்டும் யாரும் எழுந்து வருவதில்லை, ஆயாம்மாவும் சேர்த்து.

3,800 ரூபாய்க்கு முழுப் பெட்டி வேண்டவே வேண்டாம். உருளைக் கட்டை தனியாகவே கிடைக்கிறது, அதை வாங்குங்கள், வாங்குவதென்றால் மழைக்கு முன்பே வாங்கி ஓரத்தைத் தேய்த்து வைத்துக்கொள்ளுங்கள். உப்புத்தாள், லேஸ், டம்ளர் எல்லாம் சேர்த்து எனக்கு 400 ரூபாய்கூட ஆகவில்லை. ஐந்துக்கு ரெண்டு ஸ்டார், அதுவும் ஒன்பது உருளைக்கு. ஜனவரிக்கு உயரம் மாறுகிற கட்டை ஒன்று ஆர்டர் போட்டிருக்கிறேன், பிரிக்கும்போது வீடியோ எடுக்க ஆயாம்மாவுக்குப் போனில் எந்த பட்டனை அழுத்த வேண்டும் என்று இப்போதே காட்டிக் கொடுத்தாயிற்று.