நேரோ மைண்டட், பெட்டி, பிகட்: எல்லாம் ஒரே திட்டா?

போன வாரம் என் பொண்ணு, உயர்நிலை 2 படிக்கிறவ, தோழி வீட்டுல ராத்திரி தங்கிட்டு வரட்டுமான்னு கேட்டா, நான் வேணாம்மான்னேன், அவ்வளவுதான், "அப்பா, யூ ஆர் ஸோ நேரோ மைண்டட்"னு சொல்லிட்டு ரூம் கதவைச் சாத்திக்கிட்டா. எனக்கு அவ கோவத்தை விட அந்த வார்த்தைதான் உறுத்துச்சு. ஸ்ட்ரிக்ட்னு சொல்லியிருந்தா ஒத்துக்குவேன், பயந்தாங்கொள்ளின்னு சொன்னா அதையும் ஒத்துக்குவேன், ஆனா நேரோ மைண்டட் எங்கேந்து வந்துச்சு? மறுநாள் சிங்கப்பூர்ல, அங் மோ கியோல எம்ஆர்டி ரயில் ஏறி ராஃபிள்ஸ் பிளேஸ் வர்ற வரைக்கும் போன்ல தெசாரஸை, அதான் ஒரே அர்த்தம் வர்ற சொல்லெல்லாம் சேர்த்துப் போடுற அகராதியை, தட்டிக்கிட்டே வந்தேன். நேரோ மைண்டட்னு போட்டா பரோக்கியல், இன்சுலர், ப்ரொவின்ஷியல், பெட்டி, ப்ளிங்கர்ட், மயோபிக், ஹைட்பவுண்ட், ப்ரெஜுடிஸ்ட், பிகட்டட்னு கல்யாண வீட்டுல குரூப் போட்டோவுக்கு நிக்கிற மாதிரி எல்லாம் ஒண்ணா நிக்குது. நம்ம பக்கம் பார்த்தா எல்லாத்துக்கும் சேர்த்து "குறுகிய மனப்பான்மை"ன்னு ஒரே சட்டையை மாட்டிவிட்டுடுறோம். ஆனா ஒவ்வொண்ணும் திட்டுற ஆளு வேற வேற.

முதல்ல நேரோ மைண்டடுக்கும் க்ளோஸ்ட் மைண்டடுக்கும் உள்ள வித்தியாசம், அது சின்னதுதான். நேரோன்னா வாசல் இருக்கு ஆனா ஒடுக்கம், தனக்குப் பழக்கமானது மட்டும் உள்ள போகும். க்ளோஸ்ட்னா தாழ்ப்பாள் போட்டாச்சு, நீங்க சொல்றதைக் கேக்கவே மாட்டாரு. இதுக்கு மேல இதுல ஒண்ணுமில்ல.

பெட்டி கொஞ்சம் சுவாரசியம். பிரெஞ்சுல சின்னதுக்கு பெத்தி, அதுல இருந்துதான் இந்த பெட்டி, ஆபீஸ்ல பெட்டி கேஷ்னு சொல்றோமே அதே பெட்டி. (நம்ம பெட்டிக்கடைக்கும் இதுக்கும் சம்பந்தம் இல்ல, அது தமிழ்ப் பெட்டி, ஊர்ப் பக்கம் போர்டுல இங்கிலீஷ்ல பெட்டி ஷாப்னு எழுதி எழுதி நமக்கே சந்தேகம் வந்துடுச்சு.) என்கூட வேலை பார்க்குற ஒரு நண்பர் இருக்காரு, எட்டு பேர் சேர்ந்து ஃபுட் கோர்ட்ல சாப்பிட்டா சாயந்திரம் எல்லாருக்கும் போன்ல காசு அனுப்பச் சொல்லி பேநவ் நம்பர் வரும், சாப்பாட்டுக் காசு மட்டும் இல்ல, மேசையில வச்சிருந்த ஈர டிஷ்யூ பாக்கெட்டுக்கும் எட்டுல ஒரு பங்கு சேர்த்து. இங்க இந்தக் கஞ்சத்தனத்துக்கு கியாம் சியாப்னு ஒரு ஹொக்கியன் சீன வார்த்தையே இருக்கு. ஆனா அவர் வீட்டுல ஒரு மருமகன் சீனர், ஒரு மருமக மலையாளி, நோன்பு மாசத்துல மலாய்க்கார நண்பனோட நோன்பு திறக்க பள்ளிவாசலுக்குப் போவாரு, யாரு என்ன சாமி கும்பிட்டாலும் அவருக்குக் கவலை இல்ல. அவரு பெட்டி. நேரோ மைண்டட் இல்லவே இல்ல. தமிழ்லயும் இது தனிதான், சின்ன புத்தி, அல்பத்தனம்னு சொல்வோம். காசுலயும் கணக்குலயும் சின்னவனா இருக்குறது வேற, மனுஷங்களை உள்ள விடாம இருக்குறது வேற.

அடுத்து ஊரை வச்சு திட்டுற மூணு வார்த்தை. பரோக்கியல்ங்குறது பாரிஷ்ங்குற சொல்லோட சொந்தக்காரன், அதாவது ஒரு சர்ச்சோட வட்டாரம், அந்தக் கோயில் மணி கேக்குற தூரத்துக்கு மேல உலகம் இல்லைன்னு நினைக்கிற ஆளு. நம்ம சங்கங்கள்ல "எங்க ஊர்க்காரருக்குத்தான் தலைவர் பதவி"ன்னு அடிச்சுக்குறோமே, அது அச்சு அசல் பரோக்கியல், அதுல வெறுப்பு கூட இருக்கணும்னு அவசியம் இல்ல, ஊர்ப்பாசம் ஓவராப் போயிடுச்சு, அவ்வளவுதான். இன்சுலர் லத்தீன்ல தீவுங்குற இன்சுலால இருந்து வந்தது, இன்சுலின் மருந்துக்கும் அதே வேர்தான், கணையத்துல தீவுத் தீவா இருக்குற செல்கள்ல இருந்து சுரக்குதுன்னு அந்தப் பேரு. அதனால ஒரு கூட்டத்தை இன்சுலர்னு சொன்னா வெளிக்காத்து படாம தனக்குள்ளயே புழங்குற கூட்டம்னு அர்த்தம். சிங்கப்பூரை அப்படிச் சொல்ல முடியுமான்னு யோசிச்சுப் பார்த்தேன், வேடிக்கையா இருந்துச்சு, சுமார் 730 சதுர கிலோமீட்டர்ல நிஜமாவே தீவுதான், ஆனா கப்பல் வரலைன்னா சாப்பாடே இல்லாத ஊரு இன்சுலரா இருந்தா தாங்காது.

ப்ரொவின்ஷியல்தான் எனக்குப் பிடிக்காத வார்த்தை. ரோமாபுரிக்காரன் இத்தாலிக்கு வெளிய தான் பிடிச்சு ஆண்ட நாடுகளை ப்ரொவின்சியான்னான், அதுல இருந்து வந்தது. இலங்கையில மாகாண சபைக்கு இங்கிலீஷ்ல ப்ரொவின்ஷியல் கவுன்சில்னு சொல்றப்ப அது திட்டு இல்ல, சும்மா நிர்வாகச் சொல். ஆளைப் பார்த்துச் சொன்னா மட்டும் "பட்டிக்காட்டான்"னு ஆயிடும். அதாவது அடுத்தவனோட பார்வை சின்னதுன்னு சொல்றதுக்கு அவன் பொறந்த இடத்தை இழுக்குற வார்த்தை, சொல்றவனோட மனசைத்தான் அது முதல்ல காட்டுது. 1999ல, அப்போ இங்க பிரதமரா இருந்த கோ சோக் டோங் தேசிய தினப் பேரணி உரையில காஸ்மோபாலிட்டன், ஹார்ட்லேண்டர்னு ரெண்டு வகையாப் பிரிச்சுப் பேசுனாரு, வெளிநாட்டு வேலைக்குத் தயாரா இருக்கிறவங்க ஒரு பக்கம், அக்கம்பக்கத்துலயே பொழப்பை வச்சிருக்கிறவங்க இன்னொரு பக்கம். மாகாணமே இல்லாத ஊர்ல நாம ஹார்ட்லேண்டரை வச்சு அந்த வேலையைப் பார்த்துக்கிட்டோம். "ஐயோ, ரொம்ப ஹார்ட்லேண்டர் லா"ன்னு ஒருத்தரைப் பத்தி இன்னொருத்தர் சொல்லும்போது அந்த ரோமாபுரிக்காரன் குரல்தான் எனக்குக் கேக்குது.

இங்கிலீஷ்காரன் சர்ச்சு, தீவு, மாகாணம்னு அளந்துக்கிட்டு இருக்கான், இந்த ஊரோட மத்த மூணு பாஷையும் தவளையைப் பிடிச்சு வச்சிருக்கு! நமக்கு கிணத்துத் தவளை. சீனத்துல ஜிங் தி ஜி வா, அதுவும் கிணத்தடித் தவளைதான், ரெண்டாயிரம் வருஷத்துக்கும் மேல பழைய கதை, கடல்லேந்து வந்த ஆமைகிட்ட "என் கிணத்தைப் பாரு, இதைவிட சொகுசு உண்டா"ன்னு பீத்திக்கும். மலாய்ல கத்தாக் டி பாவா தெம்புருங், கொட்டாங்குச்சிக்குக் கீழ உக்காந்த தவளை. எங்க பிளாக் கீழ கோப்பிக்கடையில தே தாரிக் ஆத்துற மலாய்க்கார அண்ணன்கிட்ட இதைச் சொன்னேன், அவரு சிரிச்சுட்டு, காலி டம்ளர் ஒண்ணைக் கவுத்து மேசையில வச்சு, அதை விரலால ஒரு இஞ்ச் தூக்கிக் காட்டினாரு, உங்க தவளைக்கு ஏணி வேணும், எங்க தவளைக்கு லேசா ஒரு எத்து போதும்னாரு. எனக்கு அது ரொம்ப நேரம் மண்டைக்குள்ள ஓடுச்சு. தவளை கதையில முக்கியமானது என்னன்னா தவளை கெட்டது இல்ல. அது பார்த்தது அவ்வளவுதான். கிணத்துத் தவளைன்னு ஒருத்தரைச் சொல்றப்ப கேலி இருக்கும், குற்றச்சாட்டு கம்மி. பரோக்கியலுக்கு நான் தேடிப் பார்த்த வரைக்கும் இதை விட நல்ல தமிழ் கிடையாது.

கண்ணை வச்சு ரெண்டு வார்த்தை, அதை வேகமா முடிச்சுடுறேன். மயோபிக்னா கிட்டப்பார்வை, உலகத்துலயே புள்ளைங்க அதிகமாக் கண்ணாடி போடுற ஊர்கள்ல ஒண்ணுல உக்காந்துக்கிட்டு இதை விளக்க வேண்டியதில்ல. ஆனா இது சகிப்புத்தன்மையைப் பத்தின வார்த்தையே இல்ல, தொலைநோக்கு இல்லாத திட்டத்தைச் சொல்றது, தெசாரஸ்ல இதை நேரோ மைண்டட் பக்கத்துல வச்சது தப்புன்னே சொல்வேன். ப்ளிங்கர்ட் வேற. குதிரைக்கு ரெண்டு பக்கமும் மறைக்கிற கண்பட்டைதான் ப்ளிங்கர்ஸ். நாம கடிவாளம் கட்டின குதிரை மாதிரின்னு சொல்றோம், கடிவாளம் உண்மையில வாயில மாட்டுறது, இருந்தாலும் பழக்கம் அப்படி. கிராஞ்சி குதிரைப் பந்தய மைதானத்துல 2024 அக்டோபர் 5ஆம் தேதி கடைசி ரேஸ் ஓடி முடிஞ்சு, இந்த ஊர்ல இனி அந்தப் பட்டையை ரேஸ்ல பார்க்க முடியாது. ப்ளிங்கர்ட்ல எனக்குப் பிடிச்ச விஷயம், கண்ணு நல்லாத்தான் இருக்கு, பட்டையை யாரோ கட்டிவிட்டிருக்காங்க, அவுத்தா தெரியும். ஆபீஸ்ல மேலதிகாரியைப் பத்தி எழுதணும்னா இதைப் போடுங்க, வேலை போகாது.

இப்போ நிஜமா சண்டை வர்ற ஜோடி, ப்ரெஜுடிஸ்டும் பிகட்டும்.

ப்ரெஜுடிஸ்னா லத்தீன்ல முன்கூட்டியே சொன்ன தீர்ப்பு, விசாரிக்குறதுக்கு முன்னாடியே முடிவு. (இதுக்கு பாதிப்புன்னும் ஒரு சட்ட அர்த்தம் இருக்கு. ஒரு தடவை கார் லேசா உரசினதுக்கு வக்கீல் லெட்டர் வந்துச்சு, மேல வித்தவுட் ப்ரெஜுடிஸ்னு பெரிய எழுத்துல. அடடா பாரபட்சம் பார்க்காத வக்கீல் போலன்னு நானும் நெகிழ்ந்துட்டேன். நாங்க இப்போ சமரசம் பேசுறதால எங்க உரிமை எதுவும் பாதிக்காதுன்னு அர்த்தமாம்.) 2004ல நான் இங்க வந்த புதுசுல ரூம் தேடுறப்ப ஒரு ஏஜென்ட்டுக்கு போன் போட்டேன், இங்கிலீஷ்ல நல்லாத்தான் பேசிக்கிட்டு இருந்தாரு, பேரைக் கேட்டாரு, சொன்னேன், ஒரு செகண்ட் சத்தமில்ல, அப்புறம் "யூ இண்டியன் ஆ? சிங்கப்பூர் இண்டியனா, இந்தியா இண்டியனா?"ன்னாரு. ரெண்டாவதுன்னேன். "சாரி ஆ, ஓனர் டோன்ட் வாண்ட், குக்கிங் ஸ்மெல்." அந்த ஓனர் என்னைப் பார்த்ததே இல்ல. நான் அன்னைக்கு முட்டை கூட வேக வைக்கத் தெரியாத ஆளு. அதுதான் ப்ரெஜுடிஸ், தீர்ப்பு முதல்ல, விசாரணை அப்புறம், இல்ல விசாரணையே கிடையாது. நேரோ மைண்டட்னு சொன்னா அந்த ஓனருக்கு சலுகை காட்டுன மாதிரி ஆயிடும்.

பிகட் அதுக்கும் மேல ஒரு படி. ஆரம்பத்துல பக்தி வேஷம் போடுற ஆளைச் சொன்ன வார்த்தை, இப்போ தன் மதம், இனம், கருத்துதான் சரின்னு பிடிச்சுக்கிட்டு மத்தவங்களை வெறுக்குற ஆளு. தமிழ்ல மதவெறியன், இனவெறியன், சாதிவெறியன்னு எந்த வெறின்னு முன்னாடி ஒட்டித்தான் சொல்ல முடியும், இங்கிலீஷ்ல எல்லாத்துக்கும் சேர்த்து ஒரே சொல். ரெண்டுக்கும் வித்தியாசம் காட்ட 2011 கறி விவகாரத்தைத்தான் சொல்வேன். சீனாவுல இருந்து வந்த ஒரு குடும்பம், பக்கத்து வீட்டு இந்தியக் குடும்பம் குழம்பு வைக்கிற வாசனை தாங்கலைன்னு சமூக மத்தியஸ்த நிலையத்துக்குப் போனாங்க. அந்த சீனக் குடும்பத்து வீட்டுல யாரும் இல்லாத நேரத்துல மட்டும் கறி சமைக்கிறோம்னு இந்தியக் குடும்பம் ஒத்துக்கிச்சு, பதிலுக்கு நீங்களும் ஒரு தடவை சாப்பிட்டுப் பாருங்கன்னு கேட்டாங்க. இது பேப்பர்ல வந்ததும் ஊரே கொதிச்சு, ஆகஸ்ட் 21ஆம் தேதி எல்லாரும் வீட்டுல கறி சமைப்போம்னு கிளம்பி ஆயிரக்கணக்கான பேர் சேர்ந்தாங்க. அப்போ இணையத்துல அந்தக் குடும்பத்தை பிகட்டுன்னு திட்டாத ஆள் இல்ல, நானும் திட்டினேன். இப்போ யோசிச்சா, புது நாடு, புது வாசனை, மூக்குக்குப் பழக்கமில்ல, புகார் குடுக்குற அளவுக்குப் போனது அதிகப்படிதான், ஆனா அதுக்கு இன்சுலர்னு சொன்னாலே போதும். பிகட்டா இருந்திருந்தா மத்தியஸ்தத்துக்கு வந்து உக்காந்திருக்க மாட்டாங்க. ப்ரெஜுடிஸ்ட் ஆளுக்கு நல்ல மீன் குழம்பு ஒரு வாய் குடுத்தா மாற வாய்ப்பு இருக்கு. பிகட் தட்டை வழிச்சு சாப்பிட்டுட்டு, இதை அந்த ஆளுங்க சமைச்சிருக்க மாட்டாங்கன்னு சொல்வான்.

இந்த இடத்துல எங்க சித்தப்பாவைச் சொல்லாம விட முடியாது. அதுக்கு ஹைட்பவுண்ட் வேணும். மாட்டுக்குத் தீனி பத்தாம தோல் விலா எலும்போட ஒட்டிக்கிட்டா அதுக்குப் பேரு ஹைட்பவுண்ட், அதுல இருந்து பழக்கவழக்கம் தோலா ஒட்டிப்போன மனுஷனுக்கு வந்துச்சு. லிட்டில் இந்தியாவுல தேக்கா மார்க்கெட் பக்கத்துல பஃபலோ ரோடு இருக்கு, அந்த வட்டாரத்துக்கு மலாய்ல கண்டாங் கெர்பாவ், எருமைத் தொழுவம்னு பேரு, ஒரு காலத்துல நம்மாளுங்க அங்க மாட்டு வியாபாரம் பார்த்தாங்க, அந்த வார்த்தையை அவங்களுக்கு விளக்கவே வேண்டியிருந்திருக்காது. சித்தப்பா அவரு வீட்டுல ஒரு ரூமை வாடகைக்கு விடுறாரு, தமிழ்ப் பையனுங்களுக்கு மட்டும்தான். ஒரு பையன் பார்க்க வந்தப்ப நான் கூட இருந்தேன். காப்பியெல்லாம் குடுத்து, "தம்பிக்கு எந்த ஊரு?"ன்னாரு. சொன்னான். "ஊர்ல எந்தத் தெரு?" அதையும் சொன்னான். "குலதெய்வம் எதுப்பா?" பையன் டம்ளரைக் கீழ வச்சுட்டான், அவனுக்குப் புரிஞ்சுடுச்சு. அவன் போனதும் ரூம் ஏற்கெனவே பேசியாச்சுன்னு மெசேஜ் போச்சு.

நான் அன்னைக்கு வீட்டுக்கு வந்து மனைவிகிட்ட என்ன சொன்னேன்? "சித்தப்பா பழைய காலத்து ஆளு, விடு." அதாவது ஹைட்பவுண்ட். தோலு, பழக்கம், பாவம், என்ன பண்றது. எனக்கு ரூம் குடுக்காத ஓனர் ப்ரெஜுடிஸ்ட், பேப்பர்ல வந்த பக்கத்து வீட்டுக்காரங்க பிகட், சித்தப்பா மட்டும் பழைய காலத்து ஆளு. அவரு விசாரிச்சுட்டுத்தான் முடிவு பண்ணாரு, அதனால ப்ரெஜுடிஸ்னு கூட சொல்ல முடியாது, சரியான வார்த்தை எதுன்னு எனக்குத் தெரியும், வாயில வரல.

பொண்ணுக்கு இன்னொரு விஷயமும் சொன்னேன், எக்ஸாம்ல மார்க் போற இடம். ஹி இஸ் ஸோ பிகட்னு எழுதக்கூடாது, பிகட்ங்குறது ஆளு, குணத்தைச் சொல்லணும்னா பிகட்டட். ஹி இஸ் ப்ரெஜுடிஸும் தப்பு, கடைசியில அந்த ட் வரணும். பயஸும் அப்படித்தான், ஆனா இந்த ஊர்ல டீச்சரே ஸோ பயஸ்னுதான் பேசுறாங்க, பயஸ்ட்னு சொன்னா திரும்பிப் பார்க்குறாங்க. பயஸுக்கு அகராதியில சார்புன்னு போட்டிருக்கு, எனக்கு ஓரவஞ்சனைதான் பிடிக்கும், பந்தியில ஓரத்துல உக்காந்தவனுக்கு வடை வராமப் போற மாதிரி காதுல விழுது. இதை நான் விளக்கிக்கிட்டு இருக்கும்போதே சின்னவன் தட்டைத் தள்ளிட்டு "அம்மா ஸோ பயஸ்"னான். மீன் தலை அன்னைக்கும் அக்கா தட்டுலதான் இருந்துச்சு.