பி அலையும் எஸ் அலையும்

நிலநடுக்கம் பூமிக்குள் அனுப்பும் பி, எஸ் என்ற இரண்டு அலைகளில் எது சுவாரசியமானது? நிலநடுக்கமானியை முதலில் எட்டுவது பி அலை. பூமியின் மேலோட்டுப் பாறையில் நொடிக்குச் சுமார் 6 கி.மீ. வேகத்தில், போகிற திசையிலேயே பாறையை நெருக்கியும் தளர்த்தியும் பாயும். எஸ் அலைக்கு அதே பாறையில் ஏறத்தாழ 3.5 கி.மீ. வேகம்தான், ஆனால் குறுக்குவாட்டில் உலுக்குவதால் சேதத்தில் அதன் கைதான் ஓங்கியிருக்கும். பி அலை பெரும்பாலும் ஜன்னலைக் கடகடக்க வைப்பதோடு சரி.

அருகில் நடந்த அதிர்வில் இரண்டும் வந்து சேர்வதற்கு இடையே 10 நொடி இடைவெளி இருந்தால், நிலநடுக்க மையம் ஏறக்குறைய 80 கி.மீ. தள்ளி இருக்கிறது.

அப்புறம், ஆழத்துக்குப் போனால்தான் உண்மையான வித்தியாசம். எஸ் அலை திரவத்துக்குள் போகாது. நிலநடுக்க மையத்திலிருந்து சுமார் 104 டிகிரிக்கு (பூமியின் நடுப்புள்ளியில் அளக்கும் கோணம்) அப்பால் நேரடி எஸ் அலையே பதிவாவதில்லை. வழியில், பூமியின் நடுப்பகுதியான கருவத்தின் வெளி அடுக்கு, அதாவது உருகிய இரும்பாலான வெளிக்கருவம், மறிக்கிறது. வராமலேயே இவ்வளவு சொல்லிவிடுகிற அலை என்பதால் என் ஓட்டு எஸ் பக்கம்.

பி அலையும் லேசுப்பட்டதல்ல. அது கருவத்துக்குள் புகுந்து, வளைந்து வெளியேறும். அதனால் அதற்கும் நேரடி அலை எட்டாத ஒரு நிழல் வளையம் உண்டு. அந்த வளையத்துக்குள்ளும் மங்கலாகத் தென்பட்ட பி அலைகளை வைத்துத்தான், கருவத்துக்குள் இன்னொரு கருவம் இருப்பதை டென்மார்க்கின் நிலநடுக்க ஆய்வாளர் இங்கெ லேமன் 1936-ல் காட்டினார்.