‘டூரிஸ்ட்டா போ, அங்க பெர்மிட் அடிச்சுக்கலாம்’ என்கிற ஏஜெண்டிடம் பணம் கட்டாதீர்கள்

மலேசியா வேலைக்கு ஏஜெண்டிடம் பணம் கட்டப் போகிறவர்கள் கட்டுவதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள். மேலூர் பக்கம் எங்கள் சித்தப்பா மகனுக்கு நடந்தது. ஏஜெண்ட் மாட்டுத்தாவணி பக்கம் மாடியில் ஆபீஸ் வைத்திருப்பவர். புகார் விசாரணையில் இருப்பதால் பெயர் போடவில்லை.

ஹோட்டல் வேலை, மாதம் 2,500 ரிங்கிட், சாப்பாடும் தங்குமிடமும் இலவசம் என்றார். 1,30,000 ரூபாய் ரொக்கமாக வாங்கினார். ரசீது கேட்டதற்கு, “என்ன தம்பி, நம்ம ஊர்க்காரன் மேல நம்பிக்கை இல்லையா?” என்று முகத்தைச் சுளித்தாராம். “இப்ப நம்மாளுகளுக்கு விசாவே வேணாம்ப்பா. டூரிஸ்ட்டா இறங்கிரு, ஒரு மாசத்துல கம்பெனில பெர்மிட் அடிச்சுத் தந்துருவாங்க.”

விசா வேண்டாம் என்பது உண்மைதான். 2023 டிசம்பரிலிருந்து இந்தியர்கள் 30 நாள் வரை விசா இல்லாமல் மலேசியா போய் வரலாம். ஆனால் அந்த அனுமதியில் போனவர் ஒரு நாள்கூடக் கூலி வேலை பார்க்கக் கூடாது. பெர்மிட்டுக்கு வழியே வேறு. ஆளெடுக்கும் முதலாளி முதலில் அங்கே அரசிடம் வெளிநாட்டு ஆட்களுக்கான ஒதுக்கீடு வாங்க வேண்டும். பிறகு உங்கள் பெயருக்கும் பாஸ்போர்ட் எண்ணுக்கும் ஒப்புதல் கடிதம் வரும். அதை வைத்து இங்கிருந்தே எடுப்பதுதான் நாம் காலிங் விசா என்பது. அங்கே இறங்கி மருத்துவப் பரிசோதனையில் தேறிய பிறகே பி.எல்.கே.எஸ். என்ற தற்காலிக வேலை பாஸ் கையில் வரும். அதுவும் அந்த முதலாளியிடம், அந்த வேலைக்கு மட்டும்தான் செல்லும்.

கிளம்புவதற்கு முந்தின ராத்திரி வாட்ஸ்அப்பில் ஒரு ‘பெர்மிட் காப்பி’ அனுப்பினார். தம்பி பெயர் இருந்த வரி மட்டும் தடித்த எழுத்தில் கொஞ்சம் மேலேறி நின்றது. பாஸ்போர்ட் எண்ணில் கடைசி இலக்கம் வேறு. கேட்டால் டைப்பிங் மிஸ்டேக் என்றார். திருச்சி ஏர்போர்ட்டில் சொல்வதற்குப் பாடமும் நடத்தினார்: “பத்துமலை முருகனப் பாக்கப் போறேன், அஞ்சு நாள்ல திரும்பிருவேன்னு சொல்லு.”

இந்தப் பொய் எதற்கு? தம்பி பத்தாவது தேறவில்லை, அவனுடையது இ.சி.ஆர். (குடிபெயர்வுச் சோதனை தேவை) பாஸ்போர்ட். அப்படிப்பட்டவர் மலேசியாவுக்கு வேலைக்குப் போனால் குடிபெயர்வோர் பாதுகாவலர் அலுவலகத்தின் அனுமதி வேண்டும். அங்கே முதலாளி யார், சம்பளம் எவ்வளவு, ஏஜெண்டுக்கு லைசென்ஸ் உண்டா என்று எல்லாம் வெளியே வந்துவிடும். டூரிஸ்ட் என்று சொல்லிவிட்டால் யாரும் கேட்கப் போவதில்லை. நம் பிள்ளைகளுக்கு இருக்கிற ஒரே பாதுகாப்பையும் இப்படித்தான் கழற்றிவிடுகிறார்கள்.

மலேசியாவில் கிள்ளான் என்ற ஊரில் தம்பியை ஒரு சாப்பாட்டுக் கடையில் விட்டார்கள். பாஸ்போர்ட்டை முதலாளி வாங்கி வைத்துக்கொண்டார்; அந்த ஊர்ச் சட்டப்படி அதுவே குற்றம். சம்பளம் ‘பெர்மிட் செலவில்’ கழிந்தது. ரெய்டு என்று பேச்சு வந்தால் பின்னால் அரிசி மூட்டைகளுக்கு நடுவில் உட்கார வைத்துக் கதவைப் பூட்டுவார்களாம். 30 நாள் தாண்டிய பிறகு ஏஜெண்ட் போன் எடுப்பதையே நிறுத்திவிட்டார். அனுமதிக் காலம் கடந்து தங்கினால் அங்கே 10,000 ரிங்கிட்டுக்குக் குறையாத அபராதமோ 5 ஆண்டு வரை சிறையோ, இரண்டுமோ கிடைக்கலாம். கடைசியில் இந்தியத் தூதரகத்தில் அவசரச் சான்றிதழ் வாங்கி, அபராதம் கட்டி ஊர் வந்து சேர்ந்தான். வட்டிக்கு வாங்கிய கடன் அப்படியே நிற்கிறது.

லைசென்ஸ் உள்ள ஏஜெண்ட் சர்வீஸ் சார்ஜாக 30,000 ரூபாயும் அதற்கு ஜி.எஸ்.டி.யும்தான் வாங்கலாம், ரசீதும் கொடுத்தாக வேண்டும். மத்திய அரசின் இ-மைகிரேட் தளத்தில் லைசென்ஸ் உள்ளவர்கள் பட்டியல் இருக்கிறது. அதில் பெயர் இல்லாதவரிடம் பாஸ்போர்ட்டை நீட்டாதீர்கள். சந்தேகம் இருந்தால் 1800 11 3090 என்ற இலவச எண்ணில் கேளுங்கள். சென்னையில் தமிழ்நாடு அரசின் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனமே ஆள் எடுத்து அனுப்புகிறது, அங்கேயும் விசாரிக்கலாம்.

மதுரை மாநகரக் காவல் ஆணையர் அலுவலகத்தில் புகார் கொடுத்திருக்கிறோம். மாட்டுத்தாவணி பக்கம் இதே பேச்சைக் கேட்டுப் பணம் கொடுத்தவர்கள் இருந்தால் எனக்குத் தனிச்செய்தி அனுப்புங்கள். பணம் கொடுத்த தேதி, வாட்ஸ்அப் பேச்சு, அனுப்பிய பெர்மிட் காப்பி எதையும் அழித்துவிடாதீர்கள்.