குடியுரிமை வாங்கித் தருவதாக முகாமுக்கு வரும் ஆட்களிடம் பணம் கொடுக்காதீர்கள்

இலங்கைத் தமிழர் அகதி முகாமில் இருக்கும் உறவுகளே, முகாமுக்கு வெளியே போலீசில் பதிந்து வாழும் வெளிப்பதிவுக்காரர்களும் இதைப் படித்துவிடுங்கள். நான் 18,000 ரூபாயைப் பறிகொடுத்திருக்கிறேன். பாதி பெயின்ட் அடித்துச் சேர்த்த காசு, மீதி மனைவியின் தோட்டை அடகு வைத்தது.

2024 மார்ச்சில் குடியுரிமைத் திருத்தச் சட்டத்துக்கு விதிகள் வந்தன, அந்த வாரமே ஒரு ஆள் வந்தார். "நீங்க 90ல வந்தவங்க, இந்து, 2014க்குள்ள வந்திருந்தா போதும்ணே, ஆறு மாசத்துல கைக்கு வந்துடும்" என்றார். மகள் நர்சிங் முடித்தும் பாஸ்போர்ட் இல்லாமல் வீட்டில் இருக்கிறாள், அதனால் நான் வேறு எதையும் யோசிக்கவில்லை. கேட்ட இடத்தில் எல்லாம் கையெழுத்துப் போட்டேன். அப்புறம் முத்திரை குத்திய ரசீதும் விண்ணப்ப நகலும் வந்தன, அதோடு சரி, போனை எடுப்பதே இல்லை.

எட்டு மாதம் கழித்து ஒரு வழக்கறிஞரிடம் காட்டினேன். அவர் விரல் வைத்த இடத்தைப் பார்த்ததும் எனக்குக் கை நடுங்கிவிட்டது. பிறந்த நாடு என்ற இடத்தில் பங்களாதேஷ் என்று இருக்கிறது, கீழே என் கையெழுத்து! அந்தச் சட்டம் பாகிஸ்தான், ஆப்கானிஸ்தான், பங்களாதேஷ் மூன்றுக்கும்தான், இலங்கை அதில் இல்லவே இல்லை. தெரிந்தே பொய்த் தகவல் கொடுத்தால் 5 ஆண்டு வரை சிறை. ரசீது எண்ணே போலி, விண்ணப்பம் எங்கும் போய்ச் சேரவில்லை என்பதால் தப்பினேன்.

இப்போது மத்திய அரசின் 2025 செப்டம்பர் ஆணையைக் காட்டிப் பணம் கேட்கிறார்களாம். 2015 ஜனவரி 9 வரை வந்து பதிவு செய்த நம் ஆட்களுக்கு, பாஸ்போர்ட், விசா இல்லாததற்கான தண்டனையிலிருந்து விலக்கு, அவ்வளவுதான் அது. குடியுரிமை இல்லை.

1987 ஜூலை 1க்கு முன் இந்தியாவில் பிறந்தவர்கள் மட்டும் பிறப்புச் சான்றிதழைத் தேடி எடுங்கள், சட்டப்படி அவர்கள் பிறப்பாலேயே குடிமக்கள். 1986ல் மண்டபம் முகாமில் பிறந்த ஒரு பெண்ணுக்கு பாஸ்போர்ட் கொடுக்கச் சொல்லி 2022ல் சென்னை உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளை உத்தரவே போட்டது. மாவட்ட நீதிமன்றத்தில் இலவச சட்ட உதவி மையம் இருக்கிறது, அங்கே போய்க் கேளுங்கள்.

1955 குடியுரிமைச் சட்டப்படி வெளிநாட்டவர் 12 ஆண்டு இங்கே வாழ்ந்தால் விண்ணப்பிக்கலாம். அதன் 2003 திருத்தம், பாஸ்போர்ட், விசா இல்லாமல் படகில் வந்தவர்களைச் சட்டவிரோதக் குடியேறிகள் என்று சொல்லி அந்த வழியை அடைத்துவிட்டது. முப்பது வருடத்துக்கு மேல் வாரம் தவறாமல் பதிவேட்டில் கையெழுத்துப் போடுகிறவன் எப்படிச் சட்டவிரோதம்? அதை மாற்றாதவரை இந்த மாதிரி ஆட்கள் வந்துகொண்டேதான் இருப்பார்கள்.

போலீசில் புகார் கொடுத்திருக்கிறேன். பணம் போனாலும் பரவாயில்லை, மகளின் பிறப்புச் சான்றிதழ் அசல் இன்னும் அவரிடம்தான் இருக்கிறது.