விதிப் பட்டியலா, அம்புக்குறி வரைபடமா?

பெருந்தரவில் மறைந்திருக்கும் தொடர்புகளைத் தேடும் தரவுச் சுரங்கத்தில் காரண காரியத் தொடர்பை எந்த வடிவில் எழுதி வைப்பது என்ற கேள்வி எழும்போதெல்லாம், 1986-இல் பிரிட்டனில் வெளியான சிறுநீரகக் கல் சிகிச்சை ஆய்வைத்தான் நான் எடுத்து வைப்பேன். திறந்த அறுவை சிகிச்சை 350 பேரில் 273 பேருக்கும், தோலில் சிறு துளையிட்டுக் கல்லை எடுக்கும் சிகிச்சை 350 பேரில் 289 பேருக்கும் பலித்தது. ராகேஷ் அகர்வாலும் உடன் பணியாற்றியவர்களும் 1993-இல் முன்வைத்த, ‘இது எனில் அது’ என்னும் விதிகளை அவை பலிக்கும் விழுக்காட்டோடு பட்டியலிடும் தொடர்பு விதி முறையிடம் இதைக் கொடுத்தால், ‘துளை சிகிச்சை எனில் வெற்றி’ என்னும் விதி 83 விழுக்காட்டுடன் முன்னால் வந்து நிற்கும்.

கல்லின் அளவைச் சேர்த்துப் பார்த்தால் முடிவு தலைகீழாகிறது. சிறிய கல்லில் திறந்த அறுவை 87-க்கு 81, துளை 270-க்கு 234. பெரிய கல்லில் திறந்த அறுவை 263-க்கு 192, துளை 80-க்கு 55. இரு பிரிவிலும் திறந்த அறுவையே முந்துகிறது. கடினமான நோயாளிகள் அதன் பக்கம் குவிந்ததால்தான் மொத்தக் கணக்கில் அது பின்தங்கியது. விதிப் பட்டியல் இந்த எண்களை மறைப்பதில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். ஆனால் எல்லா விதிகளையும் ஒரே வரிசையில் நிறுத்திவிட்டு, எதை நம்பிச் சிகிச்சையைத் தேர்வது என்பதை அது நம்மிடமே விட்டுவிடுகிறது.

எது எதைப் பாதிக்கிறது என்பதை அம்புக்குறிகளால் காட்டும், கணினி அறிவியலாளர் ஜூடியா பெர்ல் வளர்த்தெடுத்த காரண வரைபடத்துக்கு இங்கே மூன்று அம்புகள் போதும்: கல்லின் அளவிலிருந்து சிகிச்சைக்கு ஒன்று, வெற்றிக்கு ஒன்று, சிகிச்சையிலிருந்து வெற்றிக்கு ஒன்று. அளவு மற்ற இரண்டுக்கும் பொதுக் காரணமாக நிற்பதால், அதைப் பிரித்துக் கணக்கிட வேண்டும் என்பது வரைபடத்திலேயே தெரிகிறது. எழுநூறு பேரின் கல் அளவுப் பங்கைக் கொண்டு சரிசெய்தால், திறந்த அறுவைக்குச் சுமார் 83 விழுக்காடும் துளைக்குச் சுமார் 78 விழுக்காடும் கிடைக்கின்றன. இதே எண்கள் அப்படியே இருக்க, கல்லின் அளவு இருந்த இடத்தில் சிகிச்சையால் மாறக்கூடிய இரத்த அழுத்தம் இருந்திருந்தால், பிரிக்காத கணக்கே சிகிச்சையின் முழு விளைவைக் காட்டியிருக்கும். ஆகவே விடையைத் தீர்மானித்தது அம்பின் திசை. அந்தத் திசை அட்டவணைக்குள் இல்லை.

இதனால்தான், மாறிகளுக்கு இடையிலான நிகழ்தகவுச் சார்புகளை அம்புகளால் காட்டும் பேய்சியன் வலைப்பின்னலை, கணினி தரவிலிருந்து தானாகக் கற்றிருந்தால், அதைக் காரண வரைபடமாக அப்படியே வாசிப்பதை நான் ஏற்பதில்லை. ‘அ’விலிருந்து ‘ஆ’ வழியாக ‘இ’க்குச் செல்லும் சங்கிலியும், ‘ஆ’விலிருந்து இரு பக்கமும் பிரியும் கவையும் தரவில் ஒரே சுவட்டைத்தான் விடுகின்றன. போதாததற்கு, ஐந்து மாறிகளுக்கே, அம்புகள் சுற்றி வராத வரைபடங்கள் 29,281 வரையலாம். அம்பு எந்தப் பக்கம் என்பதைத் துறை அறிந்த மருத்துவரிடம் கேட்டு வரைவதே என் தேர்வு.

விலை தேவையைப் பாதித்து, தேவை திரும்ப விலையைப் பாதிக்கும் சுழல்களில் மட்டும் இந்த வரைபடம் தடுமாறும், ஏனெனில் அதில் அம்புகள் சுற்றி வரக் கூடாது. அங்கே இன்றைய விலை, நாளைய தேவை என ஒவ்வொரு மாறியையும் காலவாரியாகப் பிரித்து வரைய வேண்டும்.