அச்சிட்ட சாகசங்களைத் தொடர்ந்து ஓட்டிப் பார்த்தால்

டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ், ஐந்தாம் பதிப்பு, 2014 விதிகள்: கதையை நடத்தும் ஒருவர் (டன்ஜன் மாஸ்டர், சுருக்கமாக டிஎம்), ஆளுக்கொரு கேரக்டராக ஆடும் ப்ளேயர்கள், முடிவைச் சொல்லும் டைஸ். டிஎம் நடத்துவதற்கென அச்சில் வரும் கதைப் புத்தகம்தான் சாகசம். கோவை, திருப்பூர்ப் பக்கம் ஞாயிறு மதியம் கூடுகிற நாலைந்து பேர் மேசை, மூன்று மணி நேர செஷன். இந்த அளவை மனதில் வைத்துப் படியுங்கள்.

வீட்டில் படிக்க நன்றாக இருக்கும் சாகசம் வேறு, மேசையில் ஓடும் சாகசம் வேறு. கோட்டைத் தலைவனின் பாட்டன் காலத்துப் பகை அரைப் பக்கம் ஓடும். கதவு பூட்டியிருக்கிறதா என்பது நாலாம் பத்தியில் கிடக்கும். ப்ளேயர் கேட்பது கதவைத்தான். ஒரு அறைக்கு இந்த வரிசை போதும்: கண்ணில் முதலில் படுவது, யார் என்ன செய்துகொண்டிருக்கிறார்கள், வழிகள், கடைசியில் டிஎம்முக்கு மட்டுமான ரகசியம். டிஎம் உரக்கப் படிக்கக் கட்டம் கட்டித் தரும் பத்தி மூன்று வரியைத் தாண்டினால் ப்ளேயர் கை மொபைலுக்குப் போய்விடும். ஆறு வரி சிலையை வர்ணித்துவிட்டு, ஏழாவது வரியில் 'நடுவே ஒரு டிராகன்' என்று எழுதுகிறவர்களை என்ன சொல்வது!

அதிகம் சொதப்புவது முதல் சண்டை. முதல் லெவலில் உள்ள நான்கு கேரக்டர்கள் மேல் நான்கு காப்லின்களை (குட்டி அரக்கர்களை) விடுவது பழைய வழக்கம். கணக்கைப் பாருங்கள். ஒரு காப்லினுக்கு 50 எக்ஸ்பி (அனுபவப் புள்ளி), நாலுக்கு 200. மூன்று முதல் ஆறு எதிரிகள் என்றால் இரண்டால் பெருக்க வேண்டும், ஆக 400. நால்வருக்கு விதியின் உச்சக் கடின அளவான 'மரண ஆபத்து' தொடங்குவதே 400-இல்தான். 8 ஹிட் பாயிண்ட் (உயிர்ப் புள்ளி) உள்ள மந்திரவாதி, சராசரி 5 சேதம் தரும் இரண்டு அம்பில் விழுவார். இதைக் காங்கேயம் பக்கத்துக் கொறங்காட்டில் (வேலி கட்டிய மேய்ச்சல் நிலத்தில்) நடத்தினால் இன்னும் மோசம். கிளுவை வேலி பாதி மறைப்பு, காப்லினின் ஏசி (அடி படுவதற்கு எட்ட வேண்டிய எண்) 15 என்பது 17 ஆகும். இருபது முக டைஸில் விழுவதோடு 5 கூட்டித் தாக்குபவரின் வெற்றி வாய்ப்பு 55 சதவீதத்திலிருந்து 45-க்கு இறங்கும். அதனால் இரண்டு காப்லினோடு தொடங்குங்கள்: 100-ஐ ஒன்றரையால் பெருக்கினால் 150, நால்வருக்கு எளிது. மீதி இரண்டு மூன்றாம் சுற்றில் வரட்டும், நிலைமை மோசமானால் வராமலே இருக்கட்டும். தோற்றால் என்ன ஆகும் என்றும் ஒரு வரி எழுதியிருக்க வேண்டும். காப்லின்கள் கேரக்டர்களைக் கட்டி இழுத்துப் போவார்களா, அவர்களின் வண்டியை மட்டும் ஓட்டிப் போவார்களா? அந்த வரி இல்லாத சாகசம் முதல் மணி நேரத்திலேயே முடிந்துபோகலாம்.

அடுத்தது துப்பு. அடுத்த இடத்துக்குப் போக ஒரே கடிதம், அதைக் கண்டெடுக்க டிசி (டைஸில் எட்ட வேண்டிய எண்) 15. +2 உள்ளவர் 13 அல்லது அதற்கு மேல் போட வேண்டும், 60 சதவீதம் தோல்வி. நால்வரும் தேடினாலும் எட்டில் ஒரு தடவை யாருக்கும் கிடைக்காது. கதை அங்கேயே நின்றுவிடும். இடம் எது என்பது டைஸ் இல்லாமலே கிடைக்கட்டும். அங்கே எத்தனை பேர், பின்வாசல் உண்டா என்பதற்கு ரோல் கேளுங்கள். அதே சேதியை இன்னும் இரண்டு இடத்திலும் வையுங்கள்: பிடிபட்டவன் வாயில் ஒன்று, வண்டித் தடத்தில் ஒன்று.

நம்மூர் மேசைக்கென்று ஒரு சங்கதி, விலை. செத்த காப்லினின் வளைவாளை எடுத்துக்கொண்டு, "இது என்ன விலைக்குப் போகுங்க?" என்று கேட்பார்கள். விதிப் புத்தகப் பட்டியலில் 25 தங்கக் காசு. நல்ல நிலையில் இருந்தால் பாதி விலை, ஆனால் எதிரிகள் பயன்படுத்தியது பெரும்பாலும் விற்கும் நிலையில் இருக்காது என்கிறது விதி. இதைச் சாகசத்திலேயே சொல்லிவிடுங்கள், அரை மணி நேரப் பேரம் மிச்சம். காசுக்கும் எடை உண்டு, 50 காசு ஒரு பவுண்டு. ஆயிரம் தங்கம் என்று எழுதினால் 20 பவுண்டை யார் சுமப்பது என்று கணக்குப் பிள்ளை ஒருவர் நிச்சயம் கேட்பார். நொய்யல் கரைக் கொடுமணல் கல்மணிக்குப் பேர்போன ஊர். புதையலை ஒரு சுருக்குப்பை பச்சைக்கல் மணியாக வைத்தால் எடைப் பிரச்சினையும் தீரும், மணி எந்தப் பட்டறையில் துளைத்தது என்பது அடுத்த துப்பும் ஆகும். சந்தையில் வாங்குபவர் பெயர், தரும் விலை, எந்தப் பொய்க்கு மடங்குவார், மூன்றும் ஒரு வரியில் அடங்கும்.

வரைபடத்தில் ஒரு கட்டம் 5 அடி, மினியேச்சர் பொம்மை வைக்கும் மேசையில் அது ஓர் அங்குலம். ஏ4 தாளில் சண்டைக் களம் அடங்காது. ஃப்ளெக்ஸ் கடையில் 3க்கு 2 அடியில் வெறும் கட்டம் அடித்தால் 36க்கு 24 கட்டம் கிடைக்கும். மார்க்கரை முதலில் மூலையில் தேய்த்துத் துடைத்துப் பாருங்கள்.

பத்து அறைக் குகையை ஒரே செஷனில் முடிக்கலாம் என்று அட்டையில் போட்டிருந்தால் நம்பாதீர்கள். மூன்று மணி நேரத்தில் இரண்டு சண்டை, ஒரு நீண்ட பேச்சு, அவ்வளவுதான். நாலு அறையை நீக்கிவிட்டு, மிச்சமுள்ள ஒவ்வோர் அறைக்கும் அதன் விவரம் உள்ள பக்க எண்ணை வரைபடத்திலேயே பென்சிலில் எழுதிவிடுங்கள்.