மே மாதத்தில் நார்தர்ன் லைட்ஸ் காட்டுவதாகச் சொல்லி 5,20,000 ரூபாய் வாங்கிக்கொண்டார்கள்

நார்வேயிலிருந்து திரும்பி நான்கு நாள் ஆகிறது. இன்னும் சரியாகத் தூக்கம் வரவில்லை. எனக்கும் அம்மாவுக்குமாக 5,20,000 ரூபாய் கட்டி, நார்தர்ன் லைட்ஸ், அதாவது இரவு வானத்தில் ஆடும் துருவ ஒளி, பார்க்க வட நார்வேயின் ட்ரோம்சோ போய், ஐந்து இரவும் வெளுத்த வானத்தைப் பார்த்துவிட்டு வந்திருக்கிறோம். மேகம் மறைத்திருந்தால் நம் நேரம் சரியில்லை என்று விட்டிருப்பேன். இவர்கள் பார்க்கவே முடியாத மாதத்தில், முடியாது என்று தெரிந்தே அனுப்பி வைத்தார்கள். எந்த மாதம், எந்த ஊர், எப்படித் திட்டமிடுவது என்று விவரமாக எழுதத்தான் உட்கார்ந்தேன். முதலில் நடந்ததைச் சொல்லிவிடுகிறேன்.

அம்மா அரசுப் பள்ளியில் புவியியல் ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவர். முப்பது வருடம் கரும்பலகையில் வரைந்து காட்டிய துருவ ஒளியை ஒரு தடவை நேரில் பார்த்துவிட வேண்டும் என்று ஆசை. பிப்ரவரியில் ஒரு ஆன்லைன் டூர் ஏஜென்சியின் விளம்பரம் கண்ணில் பட்டது. விமானம், ஓட்டல், இரவில் தேடிப்போக வேன், எல்லாம் சேர்த்து மே 6 முதல் 11 வரை. குளிர்காலத்தைவிட விலை குறைவு, கூட்டமும் இருக்காது என்றார் பேசியவர்.

போனை ஸ்பீக்கரில் போட்டிருந்தேன். அம்மாதான் கேட்டார்: "தம்பி, மே மாசம் அங்க நள்ளிரவுச் சூரியன் ஆச்சே, ராத்திரி இருட்டுமா?" அந்த ஆள் ஒரு நொடிகூடத் தயங்கவில்லை. "அது 20ஆம் தேதி வாக்குலதாம்மா ஆரம்பிக்கும். நீங்க போற தேதியில தினமும் சூரியன் மறையும்." அப்புறம் வாட்ஸ்அப்பில் ஒரு படம் வந்தது. 2024 மே 10ஆம் தேதி இரவு, துருவ ஒளியைக் கிளப்பும் பெரிய சூரியப் புயலில், லடாக்கின் ஹான்லேயில் வானம் அந்த ஒளியால் சிவந்து கிடந்த படம். "லடாக் வரைக்கும் வந்தது, ஆர்க்டிக் வட்டத்துக்குள்ள வராதாம்மா? சூரியன் இப்ப உச்சத்துல இருக்குன்னு நாசாவே சொல்லியிருக்கு."

இதில் ஒன்றுகூடப் பொய்யில்லை. அதனால்தான் என் வயிறு எரிகிறது. மே முதல் பாதியில் ட்ரோம்சோவில் சூரியன் மறைவது உண்மை, ஹான்லே படம் உண்மை, சூரியனின் செயல்பாடு உச்சத்தில் இருப்பதாக 2024 அக்டோபரில் நாசா அறிவித்ததும் உண்மை. பொய் சொல்லியிருந்தால் அம்மாவே பிடித்திருப்பார். அவர் அந்தப் படத்தைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தார். நான் அன்று சாயங்காலமே முழுப் பணத்தையும், 5,20,000 ரூபாயையும், அனுப்பினேன். முழுதாகக் கட்டினால் 15,000 தள்ளுபடி என்றார்கள். கொடுத்த கணக்கு ஒரு தனி ஆளின் பெயரில் இருந்தது. அப்போதாவது நான் நிறுத்தியிருக்க வேண்டும்.

ட்ரோம்சோவில் நாங்கள் இருந்த நாட்களில் சூரியன் பத்தே முக்கால் மணிக்கு மறைந்தது, இரண்டரை மணி சுமாருக்கு மறுபடி வந்துவிட்டது. நடுவிலும் தொடுவானத்துக்குக் கீழே மூன்று பாகைதான் இறங்குகிறது. நள்ளிரவில் வெளியே நின்று செய்தித்தாள் படிக்கலாம். மேலே துருவ ஒளி ஆடினாலும் அந்த வெளிச்சத்தில் கண்ணுக்குத் தெரியாது. ஹான்லே சிவந்த அந்த இரவிலும் ட்ரோம்சோ வானம் இப்படித்தான் வெளிச்சமாக இருந்திருக்கும். இதை அந்த ஆள் சொல்லவில்லை.

முதல் நாள் வேனே வரவில்லை. இரண்டாம் நாள் வந்த டிரைவர் பாலம் தாண்டி குவாலோயா தீவில் ஒரு கடற்கரையில் இறக்கிவிட்டார். மலைகளுக்கு நடுவே கடல் நுழையும் ஃபியோர்டுகளைச் சுற்றிக்காட்டத்தான் அவரை அமர்த்தியிருந்தார்களாம். நாங்கள் எதற்கு வந்திருக்கிறோம் என்று கேட்டதும் அவர் முகம் மாறிவிட்டது. ஓட்டல் வரவேற்பில் இருந்த பெண் சொன்னார், அரோரா, அதாவது துருவ ஒளி, தேடிப்போகும் பஸ்கள் ஏப்ரல் தொடக்கத்திலேயே நின்றுவிடும் என்று. அம்மா அந்தக் கடற்கரையில் ஸ்வெட்டர் மேல் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு ஒரு மணி வரை நின்றார். "இது இருட்டாது கண்ணு, வா போகலாம்" என்றார். வேறொன்றும் சொல்லவில்லை. தான் அந்திப் பொழுதைக் கணக்கில் எடுக்காமல் போனேனே என்று இப்போது தன்னையே நொந்துகொள்கிறார். ஏமாற்றியவன் நிம்மதியாக இருக்கிறான், இவர் வருந்துகிறார்.

அங்கிருந்தே போன் செய்தேன். "இயற்கை நிகழ்வு மேடம், எங்க கையில இல்ல." மறுநாள், "மேனேஜர் லீவு". ஊர் வந்தபின், "விதிமுறைகள்ல போட்டிருக்கே, படிக்கலையா?" நேற்று, அடுத்த பயணத்துக்குப் பத்து சதவீதம் தள்ளுபடி தருகிறார்களாம். என் 5,20,000 ரூபாய்க்கு அதுதான் பதில். இன்று என் எண்ணையே பிளாக் செய்துவிட்டார்கள். 1915 நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதிந்திருக்கிறேன்.

ஆலோசனை எழுத இப்போது மனம் ஓடவில்லை. அவசரமாகச் சில: செப்டம்பர் கடைசி முதல் மார்ச் கடைசி வரை தவிர ட்ரோம்சோவுக்கு இதற்காகப் போகாதீர்கள். சூரியன் எப்போது மறையும் என்று கேட்காதீர்கள், எத்தனை மணி நேரம் முழு இருட்டு என்று கேளுங்கள். ட்ரோம்சோ கடலோரம், மேகம் அதிகம்; மலை மறைவில் இருக்கும் ஸ்வீடனின் அபிஸ்கோவில் வானம் தெளிவாக இருக்க வாய்ப்பு அதிகம். எங்கே போனாலும் மூன்று நான்கு இரவாவது தங்குங்கள். கட்டாயம் தெரியும் என்று உத்தரவாதம் கொடுப்பவரிடம் பேசவே வேண்டாம். தனி ஆள் கணக்குக்கு ஒரு ரூபாய்கூட அனுப்பாதீர்கள்.

இன்று காலை அதே விளம்பரம் அம்மாவின் போனில் வந்தது. அதே ஹான்லே படம். ஜூன் 14 முதல் 19 வரை, நார்தர்ன் லைட்ஸ் சிறப்புச் சலுகை, இரண்டு இடம் மட்டுமே மீதி. ஜூனில் அங்கே சூரியன் மறையவே மறையாது.